கார் கண்ணாடியில் ஒரு கல்லடி... ஒட்டு நிற்காவிட்டால் யார் கைக்காசு?

1930ஆம் வருடம், அக்டோபர் மாதம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் (தலைநகர் வாஷிங்டன் இல்லை, மேற்குக் கரையில் சியாட்டில் இருக்கும் மாநிலம்) ஸ்னோக்வால்மி கணவாய் வழியாக ஒருவர் தன் ஃபோர்டு மாடல் ஏ காரை ஓட்டிக்கொண்டு போனார். கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கடந்து போன இன்னொரு கார் கிளப்பிவிட்ட ஒரு கூழாங்கல் வந்து முன்கண்ணாடியில் அடித்தது. கண்ணாடித் துகள்கள் உள்ளே தெறித்தன. அவருடைய இடது கண் போயிற்று. வலது கண்ணிலும் பார்வை குறைந்தது.

சாலையில் கல் தெறிப்பது யார் குற்றமும் இல்லை. ஆனால் அந்த மனிதர் வழக்குப் போட்டார். காரணம், கார் வாங்கும்போது அவர் கையில் கொடுக்கப்பட்ட ஃபோர்டு நிறுவனத்தின் விளம்பரப் புத்தகங்கள். இந்த வண்டியின் முன்கண்ணாடி டிரிப்ளெக்ஸ் வகை, எவ்வளவு பலமாக அடித்தாலும் சிதறாது, தெறிக்காது, கண்ணாடித் துண்டு பறக்கும் ஆபத்தே கிடையாது என்ற பொருளில் அவற்றில் எழுதியிருந்தது. ஒரு மிளகளவு கல் அந்த வாக்கைப் பொய்யாக்கிவிட்டது.

கீழ்க்கோர்ட் அந்தப் புத்தகங்களைச் சாட்சியமாகவே எடுத்துக்கொள்ள மறுத்தது. "அவர் காரை வாங்கியது டீலரிடம், ஃபோர்டிடம் அல்ல. இருவருக்கும் நடுவே ஒப்பந்தமே இல்லையே" என்பது அந்தக் காலத்துச் சட்ட வாதம். 1932ல் மாநில உச்ச நீதிமன்றம் இதைத் திருப்பிப் போட்டது. சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஒரு குணத்தைத் தன் பொருளுக்கு இருப்பதாகச் சொல்லி விற்கும் உற்பத்தியாளர், நேரடி ஒப்பந்தம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்றது. மறு விசாரணையில் ஜூரிகள் காயப்பட்டவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 1934ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. "இதைவிட நல்ல கண்ணாடியை வேறு யாரும் செய்வதில்லை" என்ற ஃபோர்டின் வாதம் எடுபடவில்லை. கேள்வி அது இல்லையே! நீ என்ன சொன்னாய் என்பதுதான் கேள்வி.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு இது. ஆனால் பாடத்தில் பலரும் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு மூலை உண்டு. அதே வழக்கில் காரை விற்ற டீலர் தப்பித்துவிட்டார். காரணம், வாங்கும்போது கையெழுத்தான ஆர்டர் படிவத்தில் "டீலர் எந்த உத்தரவாதமும் தரவில்லை" என்று ஒரு வரி இருந்தது. விளம்பரத்தில் சொன்ன வார்த்தை ஒருவரைக் கட்டிப் போட்டது, படிவத்தில் அச்சான வார்த்தை இன்னொருவரை விடுவித்தது. கார் கண்ணாடியின் அடுத்த தொண்ணூறு வருடச் சண்டைகளை இந்த இரண்டு காகிதங்களுக்குள் அடக்கிவிடலாம்.

* * *

முதலில் அந்தக் கண்ணாடியைப் பற்றி.

எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஓவியர், அலங்காரக் கலைஞர், வேதியியலும் தெரிந்தவர். 1903ல் அவருடைய கூடத்தில் அலமாரியிலிருந்து ஒரு குடுவை கீழே விழுந்து, உடைந்தும் சிதறாமல் அப்படியே நின்றதாம். உள்ளே முன்பு வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து, மெல்லிய தோல்போல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. (விஞ்ஞானக் கண்டுபிடிப்புக் கதைகளில் ஏதாவது ஒன்று எப்போதும் கீழே விழுந்துகொண்டே இருக்கும், ஆப்பிள் உட்பட. எவ்வளவு நிஜமோ!) அவர் 1909ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது மட்டும் சந்தேகமில்லாத சரித்திரம். இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் ஒரு படலம், ஆக மூன்று அடுக்கு. அதனால்தான் டிரிப்ளெக்ஸ் என்று பெயர். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண் பகுதிக்கு இந்தக் கண்ணாடி போனது. 1927 கடைசியில் வெளிவந்த மாடல் ஏ காரில் ஃபோர்டு இதைப் பொருத்தினார்.

அந்தக் காலப் படலத்துக்கு ஒரு குறை உண்டு. வெயில் பட்டால் மஞ்சளாகிப் போகும், பிடிப்பும் தளரும். 1930களின் பிற்பகுதியில் பாலிவினைல் ப்யூட்டிரால் (சுருக்கமாக பி.வி.பி.) வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. 1960களின் நடுவில் அமெரிக்கக் கார்களில் இந்தப் படலத்தின் தடிமன் 0.38 மில்லிமீட்டரிலிருந்து 0.76 மில்லிமீட்டராக இரட்டிப்பானது. மோதலில் தலை கண்ணாடியைக் கிழித்துக்கொண்டு வெளியே போவது இதனால் வெகுவாகக் குறைந்தது. இன்று ஒரு சாதாரண காரின் முன்கண்ணாடி என்றால் சுமார் 2 மில்லிமீட்டர் கண்ணாடி, நடுவில் இந்தப் படலம், மறுபடி சுமார் 2 மில்லிமீட்டர் கண்ணாடி.

இந்த அமைப்பால் கிடைத்த ஒரு வசதியை ஆரம்பத்தில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கல் பட்டால் வெளித்தகடு மட்டும்தான் பொதுவாக அடிபடும். உள்தகடு முழுசாக இருக்கும். அதாவது அடிபட்ட கண்ணாடி "பாதி" நல்ல கண்ணாடிதான். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் வெகு காலம் வரை பல கார்களில் வேறு வகைக் கண்ணாடி இருந்தது. சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்துக் கடினப்படுத்திய ஒற்றைத் தகடு. அது உடைந்தால் ஒரே நொடியில் மொத்தமும் கற்கண்டுத் துண்டுகளாகிவிடும். அதில் ஒட்டுப்போட ஒன்றும் இல்லை. ஒட்டுப்போடும் தொழில் அமெரிக்காவில் முதலில் பிறந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

* * *

தொழில் பிறப்பதற்கு முன்னால், அதே வாஷிங்டன் மாநிலத்தில் 1954ல் நடந்த ஒரு வேடிக்கை.

மார்ச் மாதக் கடைசியில் பெல்லிங்ஹாம் என்ற ஊரில் கார் முன்கண்ணாடிகளில் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதாகப் புகார் வர ஆரம்பித்தது. முதலில் காலிப் பயல்கள் வேலை என்றார்கள். பிறகு ஊர் ஊராகப் பரவியது. ஏப்ரல் 14, 15 தேதிகளில் சியாட்டில் நகரமே வீதிக்கு வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. போலீசுக்குக் கிட்டத்தட்ட 3,000 கண்ணாடிகள் பற்றிப் புகார்! கண்ணாடிக்குள் முட்டையிடும் மணல் பூச்சி என்றார்கள் சிலர். கடற்படையின் புது வானொலி நிலையத்தின் அலைகள் என்றார்கள் சிலர். பசிபிக்கில் அந்த மார்ச் 1ஆம் தேதிதான் பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்திருந்தார்கள். ஆகவே அதன் சாம்பல் என்றார்கள் பலர். மேயர் ஆலன் பாமராய் மாநில ஆளுநருக்கும் ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் உதவி கேட்டுச் செய்தி அனுப்பினார்.

விசாரித்துப் பார்த்தால், பழைய கார்களில் குழி அதிகம், புதுக் கார்களில் குழி குறைவு. அவ்வளவுதான் விஷயம். வருடக்கணக்கில் சாலை மணல் பட்டுப் பட்டு விழுந்த குழிகள் அவை. அதுவரை எல்லோரும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள், கண்ணாடியைப் பார்க்கவில்லை. நகரப் போலீஸ் ஆய்வுக்கூட சார்ஜென்ட் ஒருவர், ஐந்து சதவீதம் காலித்தனம், மீதித் தொண்ணூற்றைந்து சதவீதம் மக்களின் பீதி என்று கணக்குச் சொன்னார்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு இதில் சிரிப்பு இல்லை. ஒரு குழி "சம்பவம்" என்றால் பாலிசி பணம் தரும். அதே குழி "தேய்மானம்" என்றால் தராது. கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு சியாட்டில் ஒரு ஊரளவு உதாரணம்.

* * *

1972ல் மினசோட்டா மாநிலத்தில் நோவஸ் என்ற நிறுவனம் கல்லடி பட்ட கண்ணாடியை மாற்றாமல் சரிசெய்து தரும் தொழிலைத் தொடங்கியது. முறை கேட்பதற்கு எளிமையானது. அடிபட்ட இடத்தின் மேல் ஒரு சின்னக் கருவியை உறிஞ்சுகிண்ணத்தால் ஒட்டவைப்பார்கள். அதன் வழியாக விரிசலுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, தண்ணீர் போன்ற பிசினை அழுத்தி உள்ளே செலுத்துவார்கள். புற ஊதா விளக்கைக் காட்டினால் பிசின் இறுகிவிடும். மேலே மிச்சமிருக்கும் பள்ளத்தை நிரப்பி, பிளேடால் சுரண்டி, மெருகேற்றினால் வேலை முடிந்தது. அரை மணி நேரம்.

விரிசல் கண்ணுக்கு ஏன் பளபளவென்று தெரிகிறது? அதற்குள் காற்று இருப்பதால்தான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, காற்றுக்கு 1. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒளி திரும்பி வருகிறது. காற்றை வெளியேற்றி, கண்ணாடிக்கு நெருக்கமான எண் உள்ள பிசினை வைத்தால் ஒளிக்கு அங்கே சுவர் இருப்பதே தெரியாது. ஆகவே விரிசல் "மறைகிறது". முழுக்க மறையாது, ஒரு மங்கல் புள்ளி நிற்கும். ஆனாலும் முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு மாயம் மாதிரி இருந்திருக்கும்.

மறைவது வேறு, நிற்பது வேறு. 1921ல் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தின் ஏ. ஏ. கிரிஃபித் கண்ணாடி உடைவதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை வெளியிட்டார். விரிசலின் நீளம் கூடக்கூட அது மேலும் ஓடத் தேவையான விசை குறைந்துகொண்டே போகும் என்பது அதன் சாரம். அதாவது சின்ன விரிசல் சோம்பேறி, பெரிய விரிசல் சுறுசுறுப்பு. அத்துடன் ஈரம் சேர்ந்தால், விரிசலின் முனையில் கண்ணாடியின் பிணைப்புகள் இன்னும் எளிதில் அறுபடும். காலையில் கண்ணாடி வெயிலில் காய்ந்திருக்கும்போது ஏசியைப் போட்டால், அல்லது குளிர்கால உறைபனியில் ஹீட்டரைத் திருப்பினால், ஒரு பக்கம் விரியும், ஒரு பக்கம் சுருங்கும். நேற்றுவரை பொட்டளவு இருந்தது இன்று கண்ணாடியின் பாதி தூரம் ஓடியிருக்கும்.

பிசின் விரிசலின் முனைவரை போய்ச் சேர்ந்தால்தான் இதைத் தடுக்க முடியும். முனையில் ஈரமோ, அழுக்கோ, கண்ணாடி கழுவும் சோப்புத் தண்ணீரோ தங்கியிருந்தால் பிசின் அங்கே பிடிக்காது. வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்! அடிபட்டுப் பல நாள் கழித்து வரும் வண்டிகளில் இது அதிகம். கண்ணாடியின் ஓரத்துக்கு அருகில் பட்ட அடியும் ஆபத்தானது, அங்கே கண்ணாடிக்குள் இயல்பாகவே இறுக்கம் அதிகம். இன்னொரு சங்கடம், பிசினை அழுத்தும் அழுத்தத்திலேயே விரிசல் ஓடிவிடலாம், மெக்கானிக்கின் கண் முன்னாலேயே.

* * *

இப்போது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கால்குலேட்டர்.

அமெரிக்காவில் காருக்கு ஏற்படும் கல்லடி, திருட்டு, புயல் போன்றவற்றுக்குப் பணம் தரும் பாலிசிப் பகுதியில் "டிடக்டபிள்" என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் இவ்வளவு தொகை வண்டிக்காரர் கைக்காசு, அதற்கு மேல்தான் கம்பெனி. பிரிட்டனில் இதையே "எக்ஸஸ்" என்பார்கள். கண்ணாடி ஒட்டும் தொழில் வளர்ந்ததும் கம்பெனிகள் ஒரு சலுகை கொடுத்தன. கண்ணாடியை மாற்றாமல் ஒட்டிக்கொண்டால் டிடக்டபிள் வேண்டாம், முழுப் பணமும் நாங்களே தருகிறோம்! தர்மம் இல்லை, கணக்கு. சும்மா ஒரு உதாரணத்துக்குத் தொகைகளை வைத்துப் பார்ப்போம். மாற்றினால் 700 டாலர், டிடக்டபிள் 250. கம்பெனிக்குச் செலவு 450. ஒட்டினால் 80 டாலர். கம்பெனிக்குச் செலவு வெறும் 80. யாராக இருந்தாலும் ஒட்டச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள்.

வண்டிக்காரருக்கும் லாபம்தான், ஒட்டு நிற்கும்வரை.

ஒட்டு நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரத்தில் அதே புள்ளியிலிருந்து விரிசல் கிளம்பி ஓரம்வரை ஓடிவிட்டது. கடைகள் வழக்கமாகத் தரும் உத்தரவாதம் என்னவென்றால், ஒட்டு தோற்றால் ஒட்டுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவோம் அல்லது புதுக் கண்ணாடி விலையில் கழித்துக்கொள்வோம் என்பது. "வாழ்நாள் உத்தரவாதம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். வாழ்நாள் என்பது கால அளவு. தொகையின் அளவு அதே 80 டாலர்தான். அந்த 80ஐக் கொடுத்தது யார்? கம்பெனி. ஆகவே கழிவும் கம்பெனி கணக்கில்தான் சேரும். புதுக் கண்ணாடிக்குக் கம்பெனி தருவது 700ல் 250ஐயும் 80ஐயும் கழித்து 370. ஏற்கெனவே கொடுத்த 80ஐச் சேர்த்தால் 450. முதல் நாளே மாற்றியிருந்தாலும் இதே 450தான்! கம்பெனிக்கு ஒரு சென்ட்கூட நஷ்டமில்லை. ஒட்டுக்கடைக்கு 80 நஷ்டம். வண்டிக்காரர் கையிலிருந்து 250.

கம்பெனி சொல்லும் பதிலிலும் நியாயம் இருக்கிறது. "முதல் நாளே மாற்றியிருந்தால் இந்த 250ஐக் கட்டித்தானே இருப்பீர்கள்? புதிதாக என்ன இழந்தீர்கள்?" வண்டிக்காரரின் வாதம் வேறு. "அது பொட்டளவுதான் இருந்தது. ஒழுங்காக ஒட்டியிருந்தால் எனக்கு ஒரு காசும் செலவில்லை. உங்கள் ஆள் சரியாகச் செய்யாததால்தான் 250." இரண்டு வாதமும் ஒரே கேள்வியில் வந்து முட்டுகிறது. ஒட்டு ஏன் தோற்றது? வேலையின் குறையா, கண்ணாடியின் விதியா, இல்லை வேறு ஒரு கல்லா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பழைய கண்ணாடி. புதுக் கண்ணாடி பொருத்திய அன்றே அது கடையின் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. எடுத்துப் போவதும் பெரும்பாலும் அதே கடைதான். ஒட்டியதற்கு முன்னும் பின்னும் கிட்டத்தில் எடுத்த போட்டோ இருந்தால் மட்டும், விரிசல் அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பியதா, தனியாக வந்ததா என்றாவது சொல்ல முடியும். பெரும்பாலானவர்களிடம் அது இருப்பதில்லை. (1930ல் அந்த மனிதர் விளம்பரப் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருந்தால் அவர் வழக்கும் இல்லை.)

அடுத்தது படிவம். ஒட்டுவதற்கு முன்னால் கையெழுத்து வாங்குவார்கள். ஒட்டும்போது விரிசல் ஓடலாம், அப்படி ஓடினால் கண்ணாடியை மாற்றும் செலவு எங்களுடையது அல்ல என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். முற்றிலும் அநியாயமான வரி என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் சில கண்ணாடிகள் ஓடத்தான் செய்யும். அடிபட்ட நிலையில் வந்த பொருள் அது. ஆனால் அதே வரி கவனக்குறைவான வேலைக்கும் குடையாகிவிடுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கவனக்குறைவை நிரூபித்தால் இப்படிப்பட்ட படிவம் முழுக்கக் காப்பாற்றாது. 250 டாலருக்காக நிபுணரை வைத்து, கோர்ட்டுக்கு நடந்து, யார் நிரூபிப்பார்கள்? கண்ணை இழந்தவர் கோர்ட்டுக்குப் போனார். கண்ணாடியை இழந்தவர் திட்டிவிட்டுப் பணத்தைக் கட்டுகிறார். அதனால்தான் 1932 தீர்ப்பைப்போல ஒட்டுவேலைக்கு ஊரறிந்த ஒரு தீர்ப்பு வரவே இல்லை. இழப்பு எப்போதும் வழக்குச் செலவைவிடச் சின்னது.

* * *

எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது என்று விதி எழுதினால் சண்டை குறையுமே என்று தோன்றும். எழுதினார்கள்.

பிரிட்டனின் 1998 தரநிலை (பி.எஸ். ஏ.யு. 242ஏ) கண்ணாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்தது. ஓட்டுநரின் முகத்துக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 10 மில்லிமீட்டருக்கு மேல் அடியிருந்தால் ஒட்டக்கூடாது. அங்கிருந்து விலக விலக 15, 25, 40 என்று தளர்வு. அந்த நாட்டு வருடாந்திர வாகனப் பரிசோதனையும் இதே 10, 40 எண்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. நன்றாக ஒட்டிய புள்ளியும் எதிர்வண்டி விளக்கொளியில் சிதறித் தெரியும்.

அமெரிக்காவில் 2007ல் ரோலாக்ஸ் என்ற தரநிலை வந்தது. அது 14 அங்குல நீள விரிசல்வரை ஒட்டலாம் என்றது. ஆனால் அந்த நாட்டில் சந்தையில் வேறு ஒரு அளவுகோல் வழக்கத்தில் இருந்தது. டாலர் நோட்டு! விரிசல் ஒரு டாலர் நோட்டின் நீளத்தைத் தாண்டினால் மாற்ற வேண்டியதுதான் என்று. நோட்டின் நீளம் சுமார் 6 அங்குலம். 6க்கும் 14க்கும் நடுவில் இருக்கும் கண்ணாடிகள் எத்தனை, அதில் புரளும் பணம் எவ்வளவு! நீள விரிசலை ஒட்டும் தொழிலில் இருந்தவர்கள் நாட்டின் மிகப் பெரிய கண்ணாடி நிறுவனமான சேஃப்லைட் மீது 2015ல் ஒஹாயோவில் வழக்குப் போட்டார்கள். டாலர் நோட்டு விதி உண்மையல்ல, கண்ணாடியை மாற்ற வைப்பதற்கான விளம்பரம் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. மறுபடி விளம்பர வார்த்தை, மறுபடி கோர்ட்.

அதே நிறுவனத்தின் இன்னொரு கிளை பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கண்ணாடிக் கிளெய்ம் போன்களை எடுத்துப் பேசும் வேலையையும் செய்கிறது. கிளெய்மைக் கேட்பவரும் வேலையைச் செய்பவரும் ஒரே குடும்பம் என்று சின்னக் கடைக்காரர்கள் புகார் செய்தார்கள். கனெக்டிகட் மாநிலம் 2013ல் ஒரு சட்டம் போட்டது. போனில் உங்கள் கடையின் பெயரைச் சொன்னால் போட்டிக் கடை ஒன்றின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று. 2014ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இது பேச்சுரிமையில் கைவைப்பது, செல்லாது போகவே வாய்ப்பு அதிகம் என்று நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. கார் கண்ணாடியிலிருந்து பேச்சுரிமை வரை வந்தாயிற்று! ஒட்டு தோற்ற வண்டிக்காரர் மட்டும் இந்த வழக்கில் எந்தப் பக்கமும் இல்லை.

* * *

அப்படியானால் டிடக்டபிளையே எடுத்துவிட்டால்? புதுக் கண்ணாடிக்கும் கைக்காசு வேண்டாம் என்று சட்டம் போட்டுவிட்டால்?

ஃபுளோரிடா அதைத்தான் செய்தது. அங்கே காரின் விரிவான பாலிசி வைத்திருப்பவரிடம் முன்கண்ணாடிச் சேதத்துக்கு டிடக்டபிள் வாங்கக்கூடாது. உடைந்த கண்ணாடியோடு யாரும் ஓட்டக்கூடாது என்பது நோக்கம், நல்ல நோக்கம்தான். விளைவு என்ன? ஒட்டிக்கொள்ள வண்டிக்காரருக்கு எந்தக் காரணமும் இல்லாமல் போயிற்று. கார் கழுவும் இடங்களிலும் பார்க்கிங் இடங்களிலும் ஆட்கள் நின்றுகொண்டு "உங்கள் கண்ணாடியில் ஒரு புள்ளி இருக்கிறதே, இலவசமாக மாற்றித் தருகிறோம், கூடவே கிஃப்ட் கார்டும் தருகிறோம்" என்று அழைத்தார்கள். வண்டிக்காரர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, கம்பெனியிடம் பணம் கேட்கும் உரிமையைக் கடைக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். கடை பெரிய பில் போடும். கம்பெனி குறைத்துக் கொடுக்கும். மிச்சத்துக்குக் கடை வழக்குப் போடும். ஆயிரக்கணக்கில் வழக்குகள்.

அதற்குள் கண்ணாடியும் பழைய கண்ணாடியாக இல்லை. 2010களில் பரவலான புதுக் கார்களில் முன்கண்ணாடியின் பின்புறம் கேமரா ஒட்டியிருக்கிறது. தானாக பிரேக் போடுவதும் சாலைக் கோட்டுக்குள் வண்டியைப் பிடித்து வைப்பதும் அந்தக் கேமராவை நம்பித்தான். கண்ணாடியை மாற்றினால் பல மாடல்களில் கேமராவை மறுபடி அளந்து சரிப்படுத்த வேண்டும், அது தனிச் செலவு. கேமரா பார்க்கும் பகுதியில் அடிபட்டிருந்தால் ஒட்டவும் தயங்குவார்கள். ஆக, ஒட்டு தோற்றால் வரும் பில் முன்பைவிடப் பெரிது, ஒட்டச் சொல்லும் கெஞ்சலும் முன்பைவிடப் பலம்.

2023ல் ஃபுளோரிடா சட்டமன்றம் மறுபடி உட்கார்ந்தது. கண்ணாடிக் கிளெய்ம் உரிமையைக் கடைக்கு எழுதிக் கொடுப்பது தடை. கிளெய்ம் போட வைக்கப் பரிசு தருவது தடை. கேமராவைச் சரிப்படுத்த வேண்டுமா, தாங்கள் செய்யப்போகிறோமா என்பதைக் கடைக்காரர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். டிடக்டபிள் கூடாது என்ற பழைய விதியில் மட்டும் அந்தச் சட்டம் கைவைக்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தாள்களில் ஒன்று குறைந்தது, கடைக்காரர் தர வேண்டிய தாள்களில் ஒன்று கூடியது.